இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது நிழல்கள்

பறவைகள் வராமல் அவற்றின் நிழல்கள் மட்டும் வந்து சேர்ந்த அந்த மார்கழியில், அதை முதலில் பார்த்தவர் கஸ்பார் மச்சாடோதான் என்றாலும், தான் பார்த்தது என்னவென்று அவருக்குப் புரிவதற்குள் எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தார்.

ஓடைக்குடாவில் குருவிக் கஸ்பார் என்றால்தான் அவரைத் தெரியும். அதற்கு முன்னால் அவர் மூட்டைக் கஸ்பார். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம், தோணியிலிருந்து சரக்கு அடுக்குகிற கிட்டங்கிக்கு உப்பும் வெங்காயமும் பருப்புமாக முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடுகிற ஆட்களை எண்ணிக் குறிக்கிற வேலை. காலை வெயில் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும், ஆட்கள் ஒருவரை ஒருவர் முந்துவார்கள், வியர்வையும் வசவும் பாட்டும் ஒன்றாய்க் கலந்து கண்ணைக் கட்டும். அதனால் அவர் ஆட்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கிட்டங்கியின் சுண்ணாம்புச் சுவரில் விழுந்து நகர்கிற அவர்களுடைய நிழல்களை எண்ணப் பழகிக்கொண்டார். ஆள் பேசுவான், சிரிப்பான், பீடி கேட்பான்; நிழல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போய்விடும். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு மூட்டை தப்பியதில்லை.

தோணிகள் குறைந்து அந்த வேலை போனபிறகு, ஊரில் நாலு பேர் சேர்ந்து பறவைகள் பாதுகாப்பு மன்றம் ஒன்றை ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார்தான் தலைவர். துறைமுகத்துக்கு வடக்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற சேற்றுவெளிக்கு மார்கழிக் கடைசியில் வந்து இறங்கி, பங்குனி வெயில் ஏறியதும் போய்விடுகிற பூநாரைகளை வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையில், எண்ணி எழுதிவைக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தபோது, ஊரில் எண்ணத் தெரிந்த ஆள் என்று கஸ்பாரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் முதல் பூசையை விட்டுவிட்டு, துறைமுகத்தில் கொடுத்த நீளமான முன்மடிப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மேற்குக் கரையில் உப்பு வாரிக் கொட்டிய மேட்டின்மேல் போய் நின்றார். நின்று பார்த்தால் எதிரே சூரியன். பறவைகளெல்லாம் ஒரே கறுப்புத் திரளாகத் தெரிந்தன. ஒன்றின் கழுத்து இன்னொன்றின் முதுகில், ஒன்று ஒற்றைக் காலில், ஒன்று தலையைச் சேற்றுக்குள் விட்டு, எங்கே ஒன்று முடிகிறது எங்கே அடுத்தது ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் கீழே ஈரச் சேற்றில், இளவெயிலில், ஒவ்வொன்றின் நிழலும் தனித்தனியாக, நீளமாக, அவரை நோக்கி நீண்டு கிடந்தது. கஸ்பார், பறவைகள் மறைந்து நிழல்கள் மட்டும் தெரிகிற அளவுக்கு, தொப்பியின் மடிப்பைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். எண்ணினார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

பதினோரு வருடம் அப்படித்தான். பச்சை அட்டை போட்ட பதினோரு நோட்டுகள். கலெக்டர் ஒருவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அது கண்ணாடிச் சட்டம் போட்ட படமாக வீட்டுச் சுவரில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கியது. பட்டணத்திலிருந்து முழங்கை நீளத் தூரநோக்கிகளோடு வந்தவர்கள், பறவையின் கண் மஞ்சளா வெள்ளையா என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் எண்ணிக்கைக்கு அவரிடம்தான் வந்தார்கள். எப்படி எண்ணுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா என்று அவர் அவ்வப்போது யோசித்ததுண்டு, முக்கியமாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது. ஆனால் அவர் முறை வருவதற்குள் வேறு பாவம் ஏதாவது ஞாபகத்துக்கு வந்துவிடும்.

பன்னிரண்டாவது வருடம்தான் சேற்றுவெளியைத் தூர்த்து ஒரு கம்பெனி நிலக்கரி இறக்குகிற தளம் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. வழக்கு நடந்தது, வாத்தியார் பச்சை நோட்டுகளைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆறு தடவை ரயில் ஏறினார், முடிவில் ஒரு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஒரு வருடம் கடலோரத்தில் தூர்வாரிப் பார்க்கலாம், அந்தக் குளிர்காலத்து எண்ணிக்கை, பழைய எண்ணிக்கையில் பாதிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்திவிட்டுச் சேற்றுவெளியை அப்படியே விட்டுவிட வேண்டும், போகாவிட்டால் தூர்க்கலாம். எண்ண வேண்டியது, இத்தனை வருடமாக எண்ணியவரே. இரண்டு தரப்பும் அதை ஒத்துக்கொண்டன. ஒரு நாட்டின் நடுவில் கோடு போடுகிற மாதிரியான வேலை தன் கையில் வந்து விழுந்ததில் கஸ்பாருக்குப் பயமும் இருந்தது, யாருக்கும் காட்டாத ஒரு பெருமையும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது தூர்வாரும் கப்பல் கரைக்குப் பக்கத்தில் நின்று இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பறவைச் சத்தம் கேட்காதது யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. மேட்டுக்குக் கீழே ஜீப்பில், கம்பெனியின் சுற்றுச்சூழல் அதிகாரி நவநீதன் தாளோடு காத்திருந்தார். கஸ்பார் மேலே ஏறினார், தொப்பியை இழுத்துவிட்டார், சேற்றைப் பார்த்தார். நிழல்கள் கிடந்தன. நீண்ட கால்கள், வளைந்த கழுத்துகள், சேற்றைத் துழாவுகிற அலகுகள், எல்லாம் கறுப்பாக, தெளிவாக, அவரை நோக்கி நீண்டு. எந்த வருடமும் இவ்வளவு சுத்தமாக எண்ணியதில்லை என்று நினைத்துக்கொண்டார். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. முந்தின வருடத்தைவிட எழுபது குறைவு, அவ்வளவுதான். இறங்கி வந்து, ஜீப்பின் முன்மூடியில் தாளை வைத்து, எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நவநீதன் மை காய ஊதிக்கொண்டே போய்விட்டார்.

அதன்பிறகுதான் கஸ்பார் முகத்தைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினார். சேற்றுவெளியின்மேல் ஒன்றுமில்லை. வெறும் வெளிச்சம் நின்றது. நிழல்களின் கால்கள் எங்கே முடிகின்றனவோ அங்கே நிற்க வேண்டிய கால்கள் இல்லை. ஒரு நிழல் கழுத்தைத் தூக்கி, ஏதோ விழுங்கி, மறுபடியும் குனிந்தது.

அவர் மறுநாளே கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். நவநீதன் நல்ல மனிதர். காப்பி வாங்கிக் கொடுத்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, மேட்டின்மேல் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நிழல் இருக்கே சார்," என்றார்.

"நெழலு இருக்கு. பறவை எங்க இருக்கு?"

"நிழல் தானா விழாது இல்லையா. ஏதோ ஒண்ணு வெயில மறைச்சாத்தான் விழும். அது பள்ளிக்கூடத்துப் பாடம். நிழல் இருக்குன்னா பறவை இருக்குன்னுதான் அர்த்தம்."

"அப்ப எங்கன்னு காட்டுங்க."

"அது எங்க நிக்கணும்னு பறவைதான் முடிவு பண்ணும்," என்றார் நவநீதன், கிண்டல் இல்லாமல். "உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா மாசி மாசம் கருத்துக் கேட்பு இருக்கு. மைக்குல சொல்லுங்க. எழுத்துல ஏத்துக்குவோம்."

கருத்துக் கேட்புக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அந்த ஒன்றரை மாதத்தில் ஓடைக்குடா நிழல்களுக்குப் பழகிவிட்டது.

முதல் இரண்டு நாள் ஜனங்கள் கரையில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். நிழல்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததோடு சரி. மூன்றாம் நாள் ஒரு நாய் போய் ஒரு நிழலில் சுருண்டு படுத்தது. அதைப் பார்த்த கருவாடு காயப்போடுகிற பெண்களில் ஒருத்தி, மதியத்தில் நிழல்கள் சட்டிபோலச் சுருங்கிப்போகிற நேரத்திலும், இரண்டு நிழல் சேர்ந்த இடத்தில் தலையை மட்டும் வைத்துப் படுத்துப் பார்த்தாள். வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத அந்த வெளியில், முப்பது வருடமாகத் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு சூடை மீனைப் புரட்டிக்கொண்டிருந்தவள், கண்ணை மூடி, "யம்மா, மாதாவே," என்று சொன்னாள். மறுநாள் நாற்பது பெண்கள் வந்தார்கள். ஒரு வாரத்தில் இன்ன நிழல் இன்னாருக்கு என்று ஆகிவிட்டது; நிழல் சூரியனோடு திரும்பத் திரும்ப அவர்களும் திரும்பித் திரும்பிப் படுத்தார்கள்; பக்கத்து நிழலுக்குள் கால் நீட்டியதாகச் சண்டை வந்தது. சாயங்காலம் நிழல்கள் கிழக்கே நீண்டு அலைக்குள் இறங்கும்போது, கரைவலைக்காரர்கள் அவற்றில் நின்று வலையை உதறினார்கள், அந்த இடத்தில் மீன் செதில் மினுங்காது, கண் கூசாது என்று. வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கல்யாணம் முடித்த ஜோடிகள் நிழலுக்கு நிழல் நின்று படம் எடுத்தார்கள். பட்டணத்துத் தூரநோக்கிக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு, இது பெரிய பூநாரையின் நிழலா சின்னப் பூநாரையின் நிழலா என்று அலகின் வளைவை வைத்துச் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

அப்புறம் அக்கினேசு ஒரு வேலை செய்தாள். அக்கினேசு கஸ்பாரின் மனைவி மெற்றில்டாவுக்குச் சித்தி மகள், கருவாட்டுப் பெண்களுக்கெல்லாம் வாய். ஒரு நாள் மண்வெட்டியால் ஒரு நிழலைச் சுற்றி வெட்டி, சேற்றோடு சேர்த்து அள்ளி, இரும்புச் சட்டியில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கொல்லையில் கொட்டிப் பரப்பி அதன்மேல் தண்ணீர் டிரம்மைத் தூக்கி வைத்தாள். உச்சி வெயிலிலும் தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. அவ்வளவுதான். பத்து நாளில் ஊரில் பாதி வீட்டில் டிரம்முக்கு அடியிலும், கோழிக்கூட்டுக்கு மேலும், தொட்டில் கட்டிய மூலையிலும் ஒவ்வொரு நிழல் கிடந்தது.

கஸ்பார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பறவை வரவில்லை என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போகலாம் என்பது அவர் யோசனை.

"வராட்டா என்ன அத்தான்?" என்றாள் அக்கினேசு, மீனை வாரிக்கொண்டே. "வந்தப்ப மட்டும் என்ன, எங்க வீட்டுல வந்து ஒல வச்சதா? கருவாட்டு மேல எச்சம் போட்டுச்சு. ஒரு நாள்ல மூணு தடவ வெரட்டணும். இப்ப பாருங்க, எச்சமும் இல்ல, சத்தமும் இல்ல, நெழலு மட்டும் இருக்கு. புருசன் செத்தபெறகு பென்சன் வார மாதிரி."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. பறவ வரலன்னு சொன்னா வேலய நிப்பாட்டுவான். இல்லன்னா இந்தச் சேத்தையே மூடிருவான். அப்புறம் நீ எங்க காயப்போடுவ?"

"சிமெண்டுத் தளம் போட்டுத் தாரேன்னுருக்கான். தண்ணிக் கொழாயோட." அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டாயிரத்து முன்னூத்தி நாப்பதுன்னு எழுதிக் குடுத்தது நாங்களா? நீங்கதான. இப்ப எங்கக்கிட்ட வந்து கையெழுத்துக் கேட்டா?"

அன்று மத்தியானம் வீட்டுக்குத் திரும்பி, கை கால் கழுவக் கொல்லைக்குப் போனபோது, டிரம்முக்கு அடியில் ஒரு கழுத்து நீண்டு கிடந்தது. தண்ணீரை மொண்டு காலில் ஊற்றினார். குளிர்ந்தது. மெற்றில்டா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும்தான் கொண்டாந்திருக்காங்க," என்றாள். "நீங்க எண்ணினதுல ஒண்ணு நமக்குக் கெடயாதா?"

அவர் இன்னொரு குவளை மொண்டு குடித்தார். அந்தக் குளிர்ச்சி தொண்டைக்குள் இறங்கியபோது, நான் நிஜமாகவே பறவைகளுக்காகத்தான் அலைகிறேனா, அல்லது என் கையெழுத்துக்காகவா என்று ஒரு கேள்வி அதோடு சேர்ந்து இறங்கியது. அதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று வைத்தார்.

கூட்டம் மீன் ஏலக் கூடத்தில் நடந்தது. பந்தல் போட்டு, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தார்கள். முன்வரிசையில் டிராயிங் வாத்தியார் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே பச்சை நோட்டுகள். வாத்தியாருக்கு அப்போது கண்ணில் புரை முற்றியிருந்தது. நிழலா பறவையா என்று அவரால் சொல்ல முடியாது. கஸ்பார் சொன்னதை நம்பி வந்திருந்தார், பதினோரு வருடம் நம்பியதைப்போல.

கஸ்பாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து, "இந்த வருசம் பறவ வரல," என்றார். "ஒண்ணுகூட வரல. நான் எழுதிக் குடுத்த கணக்கு செல்லாது. அத அடிச்சிருங்க."

மேடையில் இருந்த பெரிய அதிகாரி நவநீதனைப் பார்த்தார். நவநீதன் எழுந்தார்.

"கஸ்பார் சார், உங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன். பறவை வரலைன்னா அன்னைக்கு எதை எண்ணினீங்க?"

கஸ்பார் வாயைத் திறந்தார். கூடத்தின் ஓரத்தில் யாரோ, "நெழலத்தான் வே!" என்று கத்த, சிரிப்பு ஓடியது.

"இருங்க," என்றார் நவநீதன். "அவரே சொல்லட்டும். நிழலை எண்ணினேன்னு சொன்னா எழுதிக்கிறோம். ஆனா அப்படிச் சொன்னா இன்னொண்ணு கேக்க வேண்டியிருக்கும். இந்த வருஷம் மட்டும்தான் நிழலை எண்ணினீங்களா, எல்லா வருஷமுமா? எல்லா வருஷமும்னா, இந்தப் பதினோரு நோட்டுல இருக்கிறது பறவைக் கணக்கே இல்லை. அப்ப இங்க பறவை வந்துச்சுங்கிறதுக்கே அத்தாட்சி இல்லை. இல்லாததுல பாதி எவ்வளவுன்னு நாங்க எப்படிப் பாக்கிறது? எல்லா வருஷமும் பறவையைத்தான் எண்ணினேன்னா, இந்த வருஷமும் அதே ஆள், அதே மேடு, அதே முறை. சொல்லுங்க சார். நீங்க சொல்றதுதான் கணக்கு."

சொல்வதற்கு ஒரு பதில் இருந்தது. வருடா வருடம் நான் நிழலைத்தான் எண்ணினேன், ஏனென்றால் ஒவ்வொரு நிழலுக்கு மேலும் ஒரு பறவை நின்றது. இந்த வருடம் நிற்கவில்லை. அவ்வளவு எளிமையான பதில். கிட்டங்கிச் சுவரைப்பற்றியும் சொல்லியிருக்கலாம், கேட்டிருப்பார்கள், அந்தக் கூடத்திலேயே பழைய மூட்டைக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அவர் அதைச் சொல்லத்தான் மூச்சை இழுத்தார். அப்போது வாத்தியார், தெரியாத கண்ணை அவர் நின்ற திசைக்கு நேரே தூக்கி, தைரியம் கொடுக்கிற மாதிரித் தலையை அசைத்துச் சிரித்தார். அந்தத் துணிப்பை. ஆறு தடவை ரயில். சுவரில் தொங்கும் பொன்னாடைப் படம். தெருவில் போகும்போது, குருவிக் கஸ்பார் போறாரு என்கிற பேச்சு. நாளையிலிருந்து நிழல் கஸ்பார். பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற வரிசையில் இத்தனை வருடம் அவர் முறைக்கு முன்னால் வந்து நின்ற பயம், இப்போது வேறு பாவம் எதையும் ஞாபகத்துக்குக் கொண்டுவராமல், அதுவே மைக்கைப் பிடித்துக்கொண்டது.

"பறவயத்தான் எண்ணினேன்," என்றார்.

"எல்லா வருஷமுமா?"

"எல்லா வருசமும்."

"இந்த வருஷமும்?"

கூடத்துக்கு வெளியே தூர்வாரும் கப்பல் ஒரு தடவை இருமி, மறுபடியும் இரைந்தது.

"ம்," என்றார் கஸ்பார்.

வாத்தியார் அன்றைக்கு அவரோடு பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு, நிலைக்கதவைத் தடவி, தானாகவே வீட்டுக்குப் போனார். அதன்பிறகும் பேசவில்லை. கஸ்பார் தொப்பியை ஏலக் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். திரும்ப எடுக்கப் போகவில்லை.

சித்திரையில் தூர்க்க ஆரம்பித்தார்கள். கடலுக்கு அடியிலிருந்து வாரிய மணலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து இறைத்தார்கள். சாயங்காலம் மணலுக்குக் கீழே போன நிழல்கள் விடிந்தபோது மணலுக்கு மேலே கிடந்தன, கொஞ்சம் சோர்ந்து, அதே இடத்தில். இன்னும் இறைத்தார்கள். மறுபடியும் மேலே வந்தன. அதனால் வேலைக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை என்று கண்டபிறகு யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆவணியில் முதல் கப்பல் வந்து நிலக்கரியைக் கொட்டியது. நிழல்கள் வழக்கம்போல ஏறி மேலே வந்திருக்க வேண்டும். ஆனால் கறுப்பின்மேல் கறுப்பு, யாருக்கும் தெரியவில்லை. கரி வாருகிற ஆட்கள் மட்டும், குவியலில் சில இடங்களில் மத்தியானத்திலும் செருப்பில்லாமல் நிற்க முடிகிறது என்று சொன்னார்கள்.

சிமெண்டுத் தளம் வந்தது, குழாயும் வந்தது. காயப்போட்ட மீனில் கரித்தூள் படிந்தது. கழுவிக் காயப்போட்டார்கள், மறுபடியும் படிந்தது. ஓடையில் இறால் குஞ்சு வருவது நின்றது. சேற்றுவெளியில்தான் அவை வளர்ந்தன என்பது, நின்றபிறகு எல்லாருக்கும் தெரிந்தது. வியாபாரிகள் ஓடைக்குடாக் கருவாடு என்றால் வேண்டாமென்று கையை ஆட்டினார்கள். அக்கினேசு ஒரு நாள் கறுத்துப்போன சூடைக் கருவாட்டை ஒரு கூடை கொண்டுவந்து, கஸ்பார் வீட்டு வாசலில் கொட்டினாள்.

"எண்ணுங்க அத்தான்," என்றாள். "எத்தனன்னு எண்ணி எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துக்குத்தான் மதிப்பு."

அவர் அதை எண்ணவில்லை. மெற்றில்டா பெருக்கி அள்ளினாள்.

அடுத்த மார்கழியில், பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கஸ்பார் சும்மா தெருவில் நின்றுகொண்டிருந்தார். தொப்பி இல்லாததால், தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிற ஒரு புதுப் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. பறவைகள் வந்துவிட்டன. வடக்கிலிருந்து வந்து, நிலக்கரித் தளத்துக்கு மேலே உயரத்தில், இறங்க இடம் தெரியாமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. வெள்ளை உடம்பு, இறகுக்கு அடியில் ரத்தச் சிவப்பு, அதன் ஓரத்தில் கறுப்பு. நிழல் மட்டும் இல்லை. ஊர்மேலே இப்படியும் அப்படியுமாக ஆயிரக்கணக்கில் போய் வந்தும், ஒருவர் முற்றத்திலும் ஒரு சின்ன இருட்டு விழவில்லை, ஒருவர் சாப்பாட்டுத் தட்டின்மேலும் ஓடவில்லை; அதனால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கஸ்பார் ஒருவரைப் பிடித்து மேலே காட்டினார். அவன் மேலே பார்க்காமல் அவரைப் பார்த்தான். "சரி அண்ணாச்சி, சரி," என்று கையை விடுவித்துக்கொண்டு போனான்.

பழைய உப்பு மேடு தளத்துக்கு அடியில் போய்விட்டது. கரி குவித்த மேட்டின்மேல், குருவிக் கஸ்பார்தானே என்று காவலாளி விட்டதால், ஏறி நின்றார். எண்ண ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பறவையை எண்ணினார். வெள்ளிக்கிழமை எழுநூறு வரை வந்து, வட்டம் திரும்பியதில் குழம்பிப்போனது. சனிக்கிழமை ஆயிரத்து நூறு, அதுவும் குழம்பியது. கண்ணில் நீர் வழிந்து கரித்தூளோடு சேர்ந்து கன்னத்தில் கோடு போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் பூசைக்கு மணி அடித்தபோது, பறவைகள் வட்டத்தை அவிழ்த்தன. ஒன்றின் பின்னால் ஒன்றாக, கழுத்தை நீட்டி, ஒரே வரிசையில், முதுகில் எதையோ சுமந்துகொண்டு கிட்டங்கிக்குப் போகிற ஆட்களைப்போல, அவர் தலைக்கு மேலே தெற்கே போக ஆரம்பித்தன. முந்தவில்லை, பிந்தவில்லை. கஸ்பாரின் விரல்கள் தானாக மடங்கி விரிந்தன. பத்துக்கு ஒரு கரித்துண்டு, நூறுக்கு ஒரு பெரிய துண்டு. கடைசிப் பறவை போய், வானம் மூடிக்கொண்டபிறகு, காலடியில் கிடந்த துண்டுகளைக் குனிந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அந்த முறையில் ஒரு பிழையும் இருந்ததில்லை. பன்னிரண்டு வருடமும் ஒவ்வொரு நிழலுக்கும் எங்கோ ஒரு பறவை சரியாக இருந்திருக்கிறது. மூட்டைக்குச் சரியாக இருந்ததைப்போல, வெட்கப்படுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. நிழலைத்தான் எண்ணினேன் என்று அந்தக் கூடத்தில் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். எண்ணியதில் அவர் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை, தப்பியது சொன்னதில்தான். கரிமேட்டின்மேல், செருப்பில்லாத காலுக்கு அடியில், ஒரு இடம் மட்டும் மெதுவாகக் குளிர்ந்துகொண்டிருந்தது. அவர் காலை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனபோது மெற்றில்டா கொல்லையில், டிரம்மை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, அம்மிக் குழவியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போனீங்க, மூணு நாளா காலையில ஆளக் காணோம்? இந்தச் சனியன் மூணு நாளாக் கெடந்து துடிக்கி. டிரம்மயே சாய்க்கப் பாத்துச்சு. அக்கினேசு வீட்டுலயும் இப்படித்தானாம், எல்லா வீட்டுலயும்தானாம். கல்லத் தூக்கி வச்சிருக்காங்க." தரையில் கிடந்த நிழல் இரண்டு இறகையும் அகல விரித்து, கழுத்தைத் தெற்கே நீட்டி, ஈரச் சேற்றை அறைந்துகொண்டிருந்தது. மெற்றில்டா குழவியை அதன் கழுத்தின்மேல் இறக்கினாள். "பூசைக்கும் போகாம எங்கதான் நின்னீங்க?"

"மேட்டுல. எண்ணிக்கிட்டு நின்னேன்."

"எத்தன?"

அவர் குழவியைப் பார்த்தார். குனிந்து அதைப் புரட்டிவிட ஒரு கை போதும். ஆனால் மேலே போனவை இந்நேரம் எந்தக் கடலைத் தாண்டியிருக்குமோ.

"ரெண்டாயிரத்து முன்னூத்தி நாப்பது."

"அதத்தான போன வருசமும் சொன்னீங்க," என்று சொல்லிவிட்டு, மெற்றில்டா குழவியைக் காலால் ஒரு தடவை அழுத்தி, அசையாது என்று பார்த்துக்கொண்டு, டிரம்மைப் பழையபடி அதன்மேல் இழுத்து வைத்தாள்.